ஊட்டுக்காரம்மா கேட்டுவிட்டு நிற்பார்

“…அதனாலதானுங்க கேக்கறேன், கோவத்துல கேக்கலை. பட்டறையிலிருந்து சாயத்தைக் கொண்டாந்து நம்ம கக்கூசுல ஊத்தறது யாருங்க?”

காலை நேரம். பிரஷ்ஷோடும் குடத்தோடும் நின்றிருந்த எங்கள் லைன் மொத்தமும் அப்படியே நின்றது. எதிரெதிராகப் பத்து அறைகள், கோடியில் ஒரு பொதுக் குழாய், அதை ஒட்டி இரண்டு கக்கூஸ். திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் லைன் வீடு என்றால் இவ்வளவுதான். கேட்டவர் அதன் சொந்தக்காரர். எங்கள் எல்லோருக்கும் ஊட்டுக்காரம்மா. பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லவில்லை.

“ஆரஞ்சுக் கலருல கெடக்குதுங்க. ரெண்டு வாளி ஊத்துனாத்தான் போகுது.”

லைனில் சாயப்பட்டறைக்குப் போகிறவர் என் கணவர் ஒருவர்தான். எல்லாக் கண்ணும் அவர் மேல் வந்து உட்கார்ந்தது.

“நான் எதையும் கொண்டாரலம்மா” என்றார்.

அது பொய்யில்லை. பட்டறையிலிருந்து அவர் ஒரு சொட்டுச் சாயமும் கொண்டுவரவில்லை. ஆனால் அந்தக் கலர் அவருடையதுதான். அதற்குச் சில நாள் முன்னால்தான் அவருக்குக் காசநோய் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் அந்த நிறத்தில்தான் போகும், பயப்படாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் பயந்தது அதற்கு இல்லை. ஊட்டுக்காரம்மாவுக்கு.

ஏன் என்றால் அவர் கேட்பார். கேட்டுவிட்டு நிற்பார். எல்லோரும்தான் கேட்கிறார்கள், “நல்லா இருக்கீங்களா” என்று கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். ஊட்டுக்காரம்மா அப்படி இல்லை. கேள்வியைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்துச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொள்வார். நாம் பேச்சை மாற்றுவோம், வேலை இருக்கிறது என்போம், குழாயடிப் பக்கம் பார்ப்போம். அவர் நிற்பார். “பதிலு எங்கீங்க போயிரும், வரும்” என்பார். வரும். எனக்குத் தெரிந்து வராமல் போனதில்லை.

நாங்கள் அறை கேட்டு வந்த அன்றைக்கே இது தெரிந்துவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் ஊர் என்றேன். அங்கே என்ன விளையும், மழை எப்போது பெய்யும், மாமியார் எப்படி, ஏன் ஊரை விட்டு வந்தீர்கள், பனியன் கம்பெனியில் நான் தைப்பது ஓவர்லாக் மிஷினிலா பேட்லாக் மிஷினிலா, அங்கே சூப்பர்வைசர் மரியாதையாகப் பேசுகிறானா என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் என் கணவர் சாயப்பட்டறைக்குப் போகிறவர் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. லைன் இருக்கும் இடம் முன்பு அவர்கள் தோட்டமாம். “ஒரு காலத்துல எங்க கெணத்துல வாளிய வுட்டா இன்னைக்கு என்ன கலருல வருமுன்னு யாருக்கும் தெரியாதுங்க. நாலு வருசம் பாத்துப்போட்டு வெவசாயத்தையே வுட்டுட்டோம். பயிரு வரலை, நீங்கல்லாம் வந்தீங்க” என்றார். அப்புறம் அவரே, “பட்டறையில வேலை செய்யறவங்க என்னுங்க பண்ணுவீங்க, சாயத் தண்ணிய வுட்டவனா நீங்க” என்று சாவியைக் கொடுத்தார்.

கடைசி அறையில் ஒடிசாப் பையன்கள் நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தன் யாரோடும் பேசமாட்டான். ஊட்டுக்காரம்மாவுக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் வராது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னால் போய் நின்றுகொண்டு, “ஏஞ்சாமி, ஊட்டுக்குப் போன் போட்டியா? அம்மா? போன்?” என்று காதில் கையை வைத்துக் காட்டினார். அவன் தலையை ஆட்டினான். இவர் நின்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். இவர் நின்றார். அவன் எழுந்து உள்ளே போனான், இவர் வாசலிலேயே நின்றார். கடைசியில் அவன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, ரெண்டு வார்த்தை பேசியதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. “அவ்வளவுதானுங்க வேணும்” என்று எங்களிடம் சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு நோயை மறைத்து வாழ்வது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

மறைக்காமலும் இருக்க முடியாது. நாங்கள் முன்பு இருந்த லைனில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்த்த ஒரு அக்காவுக்கு டி.பி. என்று தெரிந்ததும், அவருடைய குடத்தைக் குழாயடியில் யாரும் பக்கத்தில் வைக்கவிடவில்லை. மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவர் ஊருக்குப் போனார், மாத்திரை என்ன ஆனதோ, தெரியாது. அதைப் பார்த்த கண்ணோடுதான் நாங்கள் வந்திருந்தோம். அறை போனால் வேலை போகும், வேலை போனால் ஊர். ஊருக்குப் போனால் மாத்திரையைத் தொடர்ந்து வாங்குவது யார்? என் கணவர் பிழைப்பது அந்தப் பத்துக்குப் பத்து அறையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இருமலை மறைப்பது கஷ்டமில்லை. திருப்பூரில் யார் இருமவில்லை? நான் இருமினால் பஞ்சுத் தூசி, அவர் இருமினால் சாய ஆவி, கெமிக்கல். வாழைப்பழம் தின்றால் தூசி அதோடு வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று தின்போம். அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ரெண்டு மாதத்தை வீணாக்கினோம். மாத்திரையை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தோம். அவர் இருமுவது வெளியே கேட்கக்கூடாது என்று நடைபாதைப் பக்கம் இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தினோம். அந்த நோய்க்குச் செய்யவே கூடாத காரியம் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

மாத்திரை சரியாகப் போகிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தம்பி வருவார். நல்ல பிள்ளை. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கையில் ஆஸ்பத்திரிப் பை இல்லாமல், சொந்தக்காரப் பையன் மாதிரி நடந்து வருவார். முதல் தடவையே ஊட்டுக்காரம்மா பிடித்துவிட்டார்.

“ஆருங்க நீங்க?”

“இன்சூரன்ஸுங்கம்மா” என்றார் தம்பி. எங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடாதே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

“நல்லதாப் போச்சு போங்க. எங்கூட்டு மாட்டுக்குப் போடுவீங்களா?”

“மாட்டுக்கு… கேட்டுச் சொல்றேனுங்க.”

“மனுசனுக்கு?”

“போடலாமுங்க.”

“எனக்குப் போட்டா நான் செத்தாத்தான் வருமா, இருக்கறப்பவே வருமா?”

தம்பி என்னைப் பார்த்தார். நான் சோற்றுப் பானையைப் பார்த்தேன். அரை மணி நேரம் அவரைச் சுவரோரம் நிற்கவைத்து, மழைக்கு, திருட்டுக்கு, தென்னை மரத்தில் இடி விழுவதற்கு எல்லாம் இன்சூரன்ஸ் கேட்டார் ஊட்டுக்காரம்மா. தம்பியும் பாவம், சட்டை நனைய நனையப் பதில் சொன்னார். போகும்போது என்னிடம், “அக்கா, அடுத்த தடவை வர்றதுக்குள்ள நான் நெஜமாவே ஏஜெண்ட் ஆயிருவேன் போல” என்றார்.

அதற்கப்புறம் ஊட்டுக்காரம்மா இன்சூரன்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. கக்கூஸ் கலரைப் பற்றியும் கேட்கவில்லை. காலையில் அவரே ரெண்டு வாளி ஊற்றிவிட்டுப் போனார். மறந்துவிட்டார் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஊட்டுக்காரம்மா ஒரு கேள்வியை மறந்தார் என்று நம்பினோமே, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாத்திரை வேலை செய்தது. இருமல் குறைந்தது, சோறு இறங்கியது, பேண்ட் இறுகியது. அப்புறம் ஒரு பெரிய ஆர்டர் வந்து பட்டறையில் விடாமல் வேலை. சேர்ந்தாற்போல் ரெண்டு மூன்று நாள் வீட்டுக்கே வரவில்லை, மாத்திரையும் போடவில்லை. வந்து தூங்கி எழுந்தவர், கக்கூஸ் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

“முடிஞ்சிபோச்சு” என்றார்.

“என்னது?”

“சீக்குதான். எல்லாம் போயிட்டு.”

என்ன கேட்டும் அதற்கு மேல் சொல்லவில்லை. அன்றிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். “ஆறு மாசம்னு சொல்லியிருக்காகல்லா” என்றேன். “அவுக எல்லாருக்கும் பொதுவாச் சொல்லுதது. என் உடம்பு எனக்குத் தெரியாதா” என்றார். ஆஸ்பத்திரித் தம்பி போனில் கேட்டபோது, சாப்பிடுகிறேன் என்றே சொன்னார். நாலு நாள் போனது. எனக்குச் செக்கிங் அக்காவின் குடம் கண்ணில் வந்து நின்றது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அறை போகும், சொல்லாவிட்டால் ஆள் போவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊட்டுக்காரம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். கதவு நிலையில் கையை ஊன்றினார். குரலைத் தாழ்த்தி என் கணவரிடம் கேட்டார்.

“தம்பி, கக்கூசுல கலரு நின்னுபோச்சே. ஏன் மாத்திரைய நிறுத்துனீங்க?”

என் கணவர், “என்ன மாத்திரைம்மா?” என்றார்.

ஊட்டுக்காரம்மா கதவு நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. நின்றார். உள்ளே சீலிங் ஃபேன் கடகடவென்று ஓடியது. குழாயடியில் யாரோ துணி துவைத்து முடித்து, அலசி, பிழிந்து, காயப்போடவும் போய்விட்டார்கள். இவர் நின்றபடியே இருந்தார். அப்புறம்தான் சொன்னார்.

“எங்க தம்பி ஒருத்தன் இருந்தானுங்க. அவனும் இதே மாத்திரைதான் தின்னான். இதே கலருதான். சாயமுன்னு நெனச்சு அன்னைக்கு உங்களயெல்லாம் கேட்டுப்போட்டு, ஊட்டுக்குப் போய்ச் சோத்துல கைய வெச்ச பொறவுதான் அவன் நெனப்பு வந்துச்சு. அந்த இன்சூரன்ஸ் தம்பி எந்தூரு இன்சூரன்ஸுன்னும் வெளங்கிருச்சு. சரி, தின்னறாரு, நல்லாப் போயிரும், நாம எதுக்குக் கேட்டுச் சங்கடப்படுத்தோணுமுன்னு வுட்டுட்டேன். எங்க தம்பி பாதியில நிறுத்திப்போட்டானுங்க. ஏன்டா நிறுத்துனேன்னு நாங்க ஆரும் கேக்கலை. தின்னு, தின்னுன்னு திட்டத்தான் திட்டுனோம். பொறவு கேக்கறதுக்கு அவன் இல்லை.” கண்ணைத் துடைக்கவில்லை. “அதனால கேக்கறேன். ஏன் நிறுத்துனீங்க?”

என் கணவரிடமிருந்து பதில் வந்தது. நான் அத்தனை கெஞ்சியும் வராத பதில்.

“துணிக்குச் சாயம் ஏத்தின பெறவு வாஷ் பண்ணுவோம்மா. மொதத் தண்ணி கலரா வரும். வாஷ் பண்ணப் பண்ணத் தெளியும். தண்ணி தெளிஞ்சிட்டுன்னா துணி ரெடி, மிஷினை நிறுத்திருவோம். அதுக்கு மேல ஓட்டினா தண்ணிக்குத்தான் கேடு. எனக்கும் மொதல்ல கலரா வந்துது. அன்னைக்குப் பாத்தேன், தெளிவா வந்துட்டு. உள்ள இருந்ததெல்லாம் கழுவிப்போயிட்டுன்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எத்தனையோ வருடம் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே வேலையை முடித்த மனுஷன். மாத்திரை போடாததால்தான் சிறுநீர் தெளிந்தது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? கலர் வரும் என்றார்கள். அது மாத்திரையின் கலர், நோயின் கலர் இல்லை என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. சாயப்பட்டறைக்காரர் ஒருவர் இப்படி நினைப்பார் என்று யாருக்குத் தெரியும்?

ஊட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. “வேற என்னுங்க?” என்றார்.

“வேற ஒண்ணுமில்ல.”

நின்றார்.

“காலைல வெறும் வயித்துல போட்டுட்டுப் போனா, அந்த ஆவியில கொமட்டுதும்மா. மிஷின் பக்கத்துல வாந்தி எடுத்தா சூப்பர்வைசர் என்னன்னு கேப்பாரு. என்ன சொல்ல?”

“இத அந்தத் தம்பிகிட்டச் சொன்னீங்களா?”

“கேக்கலையே.”

“போன் போடுங்க” என்றார் ஊட்டுக்காரம்மா.

ஆஸ்பத்திரித் தம்பி அன்றைக்கு லீவு. ஆனாலும் வந்தார். வந்ததும் ஊட்டுக்காரம்மாவைப் பார்த்து நெளிந்தார். “இன்சூரன்ஸ் அப்பறம் பேசிக்கலாம், உக்காருங்க” என்றார் அவர். கலர் விஷயத்தைக் கேட்டதும் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். “இது எனக்குத் தோணவே இல்லீங்கண்ணா. இனிமே பட்டறைக்காரங்க எல்லார்கிட்டயும் மொதல்ல இதைத்தான் சொல்லுவேன்” என்றார். மறுநாள் ஆஸ்பத்திரியில் மறுபடி சளியைப் பரிசோதித்தார்கள். நல்ல வேளை, கிருமி இல்லை. டாக்டரம்மாவே உட்காரவைத்து, ஷிஃப்ட் எப்போது, சாப்பாடு எப்போது என்று கேட்டு, குமட்டல் இருக்கிறவர் வேலை முடிந்து வந்து கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே போட்டுக்கொள்ளலாம், விடாமல் போடுவதுதான் முக்கியம் என்று நேரத்தை மாற்றிக் கொடுத்தார். எனக்கும் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஊட்டுக்காரம்மா எங்கள் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னதோடு நிற்காமல், எதிர்ச் சுவரில் இன்னொரு ஜன்னலும் வைக்க ஆளைக் கூட்டிவந்தார்.

இன்றைக்கு என் கணவர் நன்றாக இருக்கிறார். பழைய கதையைச் சொன்னால், “ரெண்டாவது வாஷ்லதான் சரியாத் தெளிஞ்சேன்” என்று கேலி பேசுகிறார். ஆனால் நான் சொல்ல நினைத்தது அவர் குணமாவதற்கு முன்னால் நடந்த ஒரு சாயங்காலத்தை.

சுவரை உடைத்து ஜன்னல் வைத்தால் லைன் பேசாமல் இருக்குமா? விஷயம் வெளியே வந்துவிட்டது. மூன்றாம் அறையில் இருந்த கட்டிங் மாஸ்டர் நல்ல மனுஷர்தான், வீட்டில் கைக்குழந்தை. இன்னும் ரெண்டு வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நடைபாதையில் ஊட்டுக்காரம்மாவை நிறுத்தினார். நான் அடுப்படியில் இருந்தேன். திறந்திருந்த ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

“அவங்க மேல எங்களுக்குக் கோபம் இல்லம்மா. ஆனா ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும். பச்சப்புள்ளைய வச்சிருக்கேன்.”

“நாயந்தானுங்க. புள்ளைக்குப் பயப்படாம ஆருக்குப் பயப்படறது?” என்றார் ஊட்டுக்காரம்மா. “எதுல ஒட்டுமுன்னு பயப்படறீங்க? குழாயிலயா, குடத்துலயா?”

“எல்லாத்துலயும்தான்.”

“குடத்துல ஒட்டாதுங்க, டாக்டரம்மாகிட்ட நாலு தடவ கேட்டுப்போட்டேன். இப்ப அவரு சளியில கிருமியும் இல்லீங்களாம். கொழந்தையக் கூட்டிட்டுப் போய் ஒருக்கா காட்டிப்போடுங்க, நானும் கூட வாறேன். சரி, நீங்க காலி பண்ணிப் போற எடத்துல ஆரும் இருமமாட்டாங்களா?”

மாஸ்டர் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஊட்டுக்காரம்மா கேட்டுவிட்டு எப்போதும் போல நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

தர்மசங்கடம் தாங்காமல் போய்விட்டார், இனி சாவியைக் கேட்டுத்தான் வருவார் என்று நினைத்தேன். என் கணவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் கை சோற்றில் அப்படியே நின்றது.

எங்கள் லைனில் அதுவரை ஊட்டுக்காரம்மா யார் வீட்டிலும் கை நனைத்ததில்லை. கல்யாணம் சீமந்தம் என்று நாங்கள் கூப்பிட்டாலும் வாசலோடு நின்று, என்ன செய்தீர்கள், எவ்வளவு உப்பு என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அவர்கள் பக்கத்து வழக்கம் அப்படி. நாங்களும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

திரும்பி வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. கட்டிங் மாஸ்டரையும் மற்றவர்களையும் தாண்டி நேராக எங்கள் வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். கதவை அகலத் திறந்துவைத்தார். என் கணவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டை என் பக்கம் நீட்டினார்.

“போடு கண்ணு” என்றார். நான் போட்டதைப் பிசைந்து முதல் வாய் உண்டார்.